நான்கு மீட்டருக்குள் ஓர் உயரமான கார்

மாருதி சுஸுகி நிறுவனம் மறுவடிவமைத்து 2022 ஜூன் 30 அன்று வெளியிட்ட பிரெஸ்ஸா என்னும் சிறிய எஸ்யூவி, இந்திய நகரங்களில் எந்தச் சிக்னலில் நின்றாலும் கண்ணில் படக்கூடிய வண்டியாகிவிட்டபோதிலும், அதைப் பற்றிய கருத்துகள் மட்டும் இன்னும் ஒரு பக்கமாகச் சாயவில்லை. இருக்கையின் உயரம், பின்னிருக்கையின் இடவசதி, தானியங்கி கியரின் வழவழப்பு ஆகியவற்றை மெச்சுவோர் ஒருபுறமும், நெடுஞ்சாலையில் முந்திச் செல்லும் வேகம் போதவில்லை, டீசல் இல்லை, கொடுக்கும் விலைக்கு உட்புறம் எளிமையாக இருக்கிறது என்று குறைப்படுவோர் மறுபுறமும் நிற்கின்றனர். இரு தரப்பாரும் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஆனால், நாளெல்லாம் முதல் மூன்று கியர்களுக்குள்ளேயே ஓடித்தீரும் ஒரு நகர வண்டியை, அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் எஸ்யூவி என்ற எதிர்பார்ப்பைக் கொண்டு அளக்கும்போதுதான் இந்தக் கருத்துப் பிளவு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

எஸ்யூவி என்று முதலில் அழைக்கப்பட்டவை கரடுமுரடான பாதைக்கும் சுமைக்கும் ஏற்ற வண்டிகள்; அவற்றில் ஏணி வடிவிலான தனி இரும்புச் சட்டம் அடியில் இருக்க, அதன்மேல் உடற்கூடு பொருத்தப்பட்டிருக்கும். மகிந்திராவின் பொலிரோவும் ஸ்கார்ப்பியோவும் இந்த வகையைச் சேர்ந்தவை. பிரெஸ்ஸாவிலோ தனிச் சட்டம் கிடையாது. தளமும் தூண்களும் கூரையும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட ஒற்றைக் கூடே சுமை முழுவதையும் தாங்குகிறது, என்ஜினின் ஆற்றலும் முன்சக்கரங்களுக்கு மட்டுமே செல்கிறது. அதாவது, இயந்திர அமைப்பைப் பொறுத்தவரை இது சற்றே தூக்கிக் கட்டப்பட்ட ஹேட்ச்பேக் காரே ஆகும். இப்படிச் சொல்வதை வாங்கியவர்கள் சிலர் இழிவாக எடுத்துக்கொள்வதுண்டு என்றாலும், ஒற்றைக் கூட்டு வண்டி எடை குறைவாகவும், திருப்பங்களில் நிதானமாகவும், குறைந்த எரிபொருளில் ஓடுவதாகவும் இருப்பதால், நகரத்துக்கு அதுவே பொருத்தமான அமைப்பு.

இந்த வண்டியின் உருவம் ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு விடை, வடிவமைப்பாளரின் மேசையைக் காட்டிலும் நிதியமைச்சரின் மேசையில்தான் கிடைக்கும். 2006ஆம் ஆண்டு பிப்ரவரியில் ப. சிதம்பரம் முன்வைத்த நிதிநிலை அறிக்கை, சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்ததோடு, சிறிய கார் என்றால் என்ன என்பதற்கும் ஓர் இலக்கணம் வகுத்தது: நீளம் 4,000 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, என்ஜினின் கொள்ளளவு பெட்ரோலில் 1,200 சிசியையும் டீசலில் 1,500 சிசியையும் மீறக்கூடாது. கொள்ளளவு என்பது என்ஜினின் உருளைகளுக்குள் உந்துதண்டுகள் ஏறி இறங்கும் இடத்தின் மொத்தப் பருமன். அதன் அளவே சிசி. நெருக்கடியான சாலைகளில் சின்ன வண்டிகளை ஊக்குவிக்கவும் இந்தியாவைச் சிறிய கார் உற்பத்தியின் களமாக்கவும் பிறந்த இந்த வரையறை, நாளடைவில் வேறெந்த நாட்டிலும் இல்லாத ஒரு வாகன இனத்தையே இங்கு உருவாக்கிவிட்டது. செடான் கார்களின் டிக்கி வெட்டிக் குறைக்கப்பட்டது. எஸ்யூவிகளின் மூக்கும் பின்புறமும் சப்பையாக்கப்பட்டன. நீளத்தில் இழந்த இடத்தை உயரத்தில் மீட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கே இவ்வகை வண்டிகளின் அடிப்படை.

2009இல் வந்த பிரீமியர் ரியோவும் 2012இல் வந்த மகிந்திரா குவான்டோவும் இந்தப் பாதையில் முன்னோடிகள் எனினும், சந்தையை உண்மையில் திறந்துவிட்டது, சென்னையை அடுத்த மறைமலைநகர் ஆலையில் தயாராகி 2013இல் விற்பனைக்கு வந்த ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட்தான். அந்த நிறுவனம் 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, தான் தொடங்கிவைத்த வகையில் பிறர் கொழிப்பதைப் பார்த்துக்கொண்டே அது வெளியேற வேண்டியிருந்தது. அப்படிக் கொழித்தவற்றுள் தலையாயது, 2016 மார்ச்சில் விட்டாரா பிரெஸ்ஸா என்ற பெயரில் வெளிவந்த மாருதியின் வண்டி. ஜப்பானியத் தாய் நிறுவனத்தின் மாதிரி ஒன்றை இங்கே கொண்டுவந்து விற்காமல், இந்தியப் பொறியாளர்களே முதன்மைப் பொறுப்பேற்று உருவாக்கிய வண்டி என்ற சிறப்பும் அதற்கு உண்டு.

அந்த முதல் பிரெஸ்ஸா டீசலில் மட்டுமே கிடைத்தது. ஃபியட் நிறுவனத்திடமிருந்து உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்ட அதன் 1,248 சிசி என்ஜின் 90 குதிரைத்திறனும், அதைவிட முக்கியமாக, நிமிடத்துக்கு 1,750 சுழற்சியிலேயே 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. முறுக்குவிசை என்பது சக்கரத்தைத் திருப்பும் வலு. குதிரைத்திறன் உச்ச வேகத்தைத் தீர்மானிக்கிறது என்றால், நின்ற நிலையிலிருந்து சுமையோடு வண்டியை இழுத்தெடுப்பது முறுக்குவிசை. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 எனப்படும் கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, சிறிய டீசல் என்ஜின்களை அந்த அளவுக்குத் தூய்மைப்படுத்த ஆகும் செலவு கட்டுப்படியாகாது என்று முடிவெடுத்த மாருதி, டீசலை அடியோடு கைவிட்டு, 1,462 சிசி பெட்ரோல் என்ஜினைப் பொருத்தியது. பழைய டீசலின் இழுவையை அனுபவித்தவர்கள் இதை இன்றும் ஓர் இழப்பாகவே பேசுகின்றனர்.

நெடுந்தொலைவு ஓடுபவர்களைப் பொறுத்தவரை அந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆனால் நகரத்துக்குள் ஓடும் வண்டிக்கு இன்றைய டீசல் ஏற்றதுதானா என்பது தனிக் கேள்வி. புதிய விதிகளுக்கு உட்பட்ட டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகள்களைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்த கரியை எரித்து வெளியேற்ற, வண்டி தொடர்ந்து சிறிது நேரம் ஓரளவு வேகத்தில் ஓடிக் குழாய் நன்றாகச் சூடேற வேண்டும். வீட்டிலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து கடைக்கும் நான்கைந்து கிலோமீட்டர் ஊர்ந்து நிற்கும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை என்பதால், வடிகட்டி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். பிறகு, அதைச் சுத்தம் செய்வதற்கென்றே புறவழிச் சாலைக்கு வண்டியை ஓட்டிச் செல்ல வேண்டிவரும். டீசல் இல்லாமற்போனதை நகரவாசி பெரிய குறையாகக் கருத வேண்டியதில்லை.

2022இன் மறுவடிவமைப்பு, விட்டாரா என்ற முன்னொட்டை நீக்கிவிட்டு, வெளித்தோற்றம், உட்புறம், என்ஜின், கியர்பெட்டி ஆகிய நான்கையும் ஒருசேர மாற்றியது; அடித்தளமும் சக்கர இடைவெளியும் பழையனவே. நீளம் 3,995 மில்லிமீட்டர், அகலம் 1,790, சக்கர இடைவெளி 2,500 என்று மூன்றும் அப்படியே இருக்க, உயரம் மட்டும் 45 மில்லிமீட்டர் கூடி 1,685 ஆயிற்று. முன்புறம் நிமிர்ந்தும் பானட் தட்டையாகவும் ஆக்கப்பட்டன. பின்கதவில் வண்டியின் பெயர் எழுத்தெழுத்தாகப் பரப்பப்பட்டது. தோற்றத்தைப் பற்றிய கருத்துகளில் சாரம் குறைவு என்பதால் அதிகம் பேச வேண்டியதில்லை: பழைய வண்டியின் கச்சிதமான பெட்டி வடிவமே அழகு என்பாரும், புதியது விலையுயர்ந்த வெளிநாட்டு எஸ்யூவியின் சாயலில் இருக்கிறது என்பாரும் உண்டு, இரண்டுமே வாங்கிய ஆறாம் மாதத்தில் மறந்துபோகும்.

மறக்காமல் நிற்பது உயரம். இவ்வகை வண்டிகளை வாங்குவோர் காரணம் கேட்டால் கம்பீரம் என்பார்கள். ஆனால் நாள்தோறும் உடல் உணரும் பயன் வேறு. இருக்கை தரையிலிருந்து நடுத்தர உயரத்தில் இருப்பதால், முழங்கால் வலியுள்ள முதியவர் தாழ்ந்த காருக்குள் இறங்கி உட்காருவதுபோலக் குனியவும் வேண்டாம், பெரிய எஸ்யூவிக்குள் ஏறுவதுபோலக் காலைத் தூக்கவும் வேண்டாம். பக்கவாட்டில் சரிந்து உட்கார்ந்தால் போதும். ஓட்டுநரின் கண்மட்டம் தாழ்ந்த காரில் உள்ளதைவிட உயர்ந்திருப்பதால், நெரிசல் எங்கே கட்டியிருக்கிறது, எந்த வரிசை நகர்கிறது என்பதை இரண்டு வண்டிகளுக்கு முன்பே அறிந்துகொள்ளலாம். தட்டையான பானட்டின் இரு ஓரங்களும் இருக்கையிலிருந்தே தெரிவதால், சந்துக்குள் நுழையும்போது வண்டியின் மூக்கு எங்கே முடிகிறது என்று ஊகிக்கவும் வேண்டியதில்லை.

இந்த ஆதாயத்துக்கு மறுபக்கமும் உண்டு, அதை விற்பனைக்கூடத்தில் யாரும் சொல்வதில்லை. கண்மட்டம் உயர உயரத் தொலைவு தெளிவாகிறது, பம்பரை ஒட்டிய தரை மறைகிறது. வண்டிக்கு நேர்முன்னே நிற்கும் குழந்தையையோ படுத்திருக்கும் நாயையோ தாழ்ந்த காரின் ஓட்டுநர் காணும் தூரத்தில் இவர் காண மாட்டார். முகப்பின் வடிவமும் பாதசாரிகளைப் பாதிக்கக்கூடியது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு ஆய்வு நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், பானட் தரையிலிருந்து 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் மோதும்போது பாதசாரி இறப்பதற்கான வாய்ப்பு, 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ உயர்ந்து சரிந்த முகப்புடைய கார்களைவிட ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம் என்று கண்டறியப்பட்டது. அந்த ஆய்வு அமெரிக்கச் சாலைகளில் ஓடும் வாகனங்களைப் பற்றியது, அங்குள்ள பிக்கப் வண்டிகளோடு பிரெஸ்ஸாவை ஒரே தட்டில் வைக்க முடியாது; ஆயினும், நடப்பவர்களும் இருசக்கர வாகனத்தினரும் பெரும்பான்மையாக உள்ள சாலைகளுக்கென்று ஒரு வண்டியை மறுவடிவமைக்கும்போது முகப்பை மேலும் நிமிர்த்துவது, அழகுணர்ச்சிக்காக எடுக்கப்பட்ட முடிவேயன்றி நகரத்தை நினைத்து எடுக்கப்பட்டதல்ல.

நகரத்தை நினைத்து எடுக்கப்பட்ட முடிவு கியர்பெட்டியில் இருக்கிறது. இந்த மறுவடிவமைப்பின் மிகச் சிறந்த பகுதி என்று அதையே சொல்ல வேண்டும். பழைய பெட்ரோல் வண்டியின் நான்கு கியர் தானியங்கிப் பெட்டிக்குப் பதிலாக ஆறு கியர் கொண்ட தானியங்கிப் பெட்டி வந்தது. அதன் வகை, முறுக்குவிசை மாற்றி என்னும் அமைப்பைக் கொண்டது. ஓடும் மின்விசிறி ஒன்றுக்கு எதிரே, மின்சாரம் இல்லாத இன்னொரு விசிறியை வைத்தால் முதலாவதன் காற்றில் இரண்டாவதும் சுழலத் தொடங்குமல்லவா, அதே முறையில் இங்கே காற்றுக்குப் பதிலாக எண்ணெய் நிரம்பிய கூட்டுக்குள் என்ஜின் ஒரு சுழலியைச் சுற்ற, எண்ணெயின் ஓட்டம் எதிரிலுள்ள சுழலியைச் சுற்றி, அதன் வழியே ஆற்றல் கியர்களுக்குச் செல்கிறது. என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இடையே உராய்ந்து தேயும் கிளட்ச் தட்டு இல்லை என்பதால், பிரேக்கிலிருந்து காலை எடுத்தவுடன் வண்டி ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலேயே மெல்ல ஊர்கிறது. மேம்பாலத்தின் ஏற்றத்தில் நின்று கிளம்பும்போதும் அதிர்வு இல்லை.

இதன் அருமை, மலிவான மாற்றுகளோடு ஒப்பிடும்போதே புலப்படும். ஏஎம்டி என்று விற்கப்படும் வகையில் இருப்பது சாதாரண கைமுறை கியர்பெட்டிதான். கிளட்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் மனிதருக்குப் பதிலாக ஒரு சிறு கருவி செய்கிறது. விலையும் மைலேஜும் சாதகமாக இருந்தாலும், ஒவ்வொரு மாற்றத்திலும் வண்டி ஒரு கணம் தயங்கித் தலையாட்டும். 2018இல் டீசல் பிரெஸ்ஸாவுக்கு வந்தது இந்த வகையே. போட்டி நிறுவனங்கள் சில தரும் இரட்டைக் கிளட்ச் பெட்டியோ மின்னல் வேகத்தில் கியர் மாற்றும். ஆனால், அதன் கிளட்சுகள் எண்ணெயில் நனையாத உலர்ந்த வகையாக இருந்தால், அங்குலம் அங்குலமாக ஊரும் நெரிசலில் அரைக் கிளட்சிலேயே நெடுநேரம் கிடந்து சூடேறும். திறந்த சாலையில் இரட்டைக் கிளட்ச் பெட்டிக்கு நிகரான உற்சாகத்தை முறுக்குவிசை மாற்றி தராது. மாலை ஆறரை மணி நெரிசலுக்கோ அதைவிடப் பொறுமையான அமைப்பு இந்த விலையில் அரிது.

என்ஜினைப் பற்றிய குறைகளையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். புதிய என்ஜின் 103 குதிரைத்திறனும் 137 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. பழையதைவிட இவை இரண்டுமே ஓரிரு புள்ளிகள் குறைவு. ஒவ்வொரு உருளைக்கும் இரண்டு எரிபொருள் பீச்சிகளைப் பொருத்தி, வலுவைக் கூட்டுவதைக் காட்டிலும் எரிபொருளைச் சிக்கனப்படுத்துவதில் நிறுவனம் கவனம் செலுத்தியதே இதற்குக் காரணம். ஹூண்டாய் வென்யூ போன்ற போட்டி வண்டிகளில் கிடைக்கும் ஒரு லிட்டர் டர்போ என்ஜின், புகையின் விசையால் சுழலும் சிறு விசிறி கொண்டு காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால், அளவில் சிறியதாக இருந்தும் 172 நியூட்டன் மீட்டர் வரை இழுக்கிறது. நான்கு பேரும் சுமைகளும் ஏறிய பிரெஸ்ஸா, இருவழிச் சாலையில் லாரியை முந்த இரண்டு கியர் இறங்கி இரைச்சலிட்டுத்தான் வேகமெடுக்கும் என்ற குற்றச்சாட்டு முற்றிலும் சரி. எனினும் டர்போ விழித்துக்கொள்ளச் சற்று நேரம் பிடிக்கும். இயல்பாகக் காற்றிழுக்கும் 1.5 லிட்டர் என்ஜின் பாதம் பட்ட அளவுக்குப் பட்ட நேரத்திலேயே பதில் சொல்லும். மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டாத சாலையில் இந்தப் பதிலே பெரிது.

மைலேஜைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். வெளியீட்டின்போது அறிவிக்கப்பட்டபடி கைமுறை கியர் வண்டி லிட்டருக்கு 20.15 கிலோமீட்டர் வரையிலும், தானியங்கி 19.80 கிலோமீட்டரும் ஓடும். இவை ஆய்வுக்கூடத்தில் உருளைகளின்மேல் வண்டியை ஏற்றி, ஏசியை அணைத்து, வகுத்துவைத்த வேகப் பட்டியலின்படி ஓட்டி எடுக்கப்படும் அளவுகள். ஏசி இல்லாமல் ஏற முடியாத வெயிலில், சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் வண்டி இதை எட்டாது. வண்டியில் உள்ள ஹைபிரிட் அமைப்பும் பெயரளவில் பெரியது, செயலில் அடக்கமானது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியைச் சிறிய லித்தியம் மின்கலத்தில் சேமித்து, சிக்னலில் என்ஜினை அணைத்து மீண்டும் முடுக்கவும், கிளம்பும்போது சிறிது கைகொடுக்கவும் மட்டுமே அது பயன்படுகிறது; மின்சாரத்தால் மட்டும் வண்டி ஓரடிகூட ஓடாது.

உட்புறத்தில் வந்த மாற்றங்களுள் விளம்பரத்தில் முதலிடம் பெற்றது சன்ரூஃப் எனப்படும் திறக்கும் கூரை. மாருதி தன் கார்களில் அதுவரை வைக்காதிருந்த இந்த வசதி இல்லாததாலேயே வாடிக்கையாளர்கள் போட்டியாளர்களிடம் போகிறார்கள் என்ற நெருக்கடிதான் இதைக் கொண்டுவந்திருக்க வேண்டும். வெயிலும் தூசியும் நிறைந்த நகரத்தில் ஆண்டில் எத்தனை நாள் அதைத் திறக்க முடியும் என்பது ஒருபுறமிருக்க, ஓடும் வண்டியில் குழந்தைகளை அதன் வழியே தலைநீட்டி நிற்க விடும் வழக்கம் உயிருக்கே ஆபத்தானது. இதைவிடப் பலமடங்கு பயனுள்ளவை உயர்விலை வகையில் வரும் நான்கு கேமராக்கள். முகப்பிலும் பின்புறத்திலும் இரு பக்கக் கண்ணாடிகளின் அடியிலும் இருக்கும் அவற்றின் காட்சிகளை இணைத்து, வண்டியை மேலிருந்து பார்ப்பதுபோன்ற படம் திரையில் வருவதால், மேலே குறிப்பிட்ட பார்வைக் குறையை ஓரளவு ஈடுசெய்வதோடு, தூணுக்கும் சுவருக்கும் இடையே ரிவர்ஸ் எடுப்பதையும் எளிதாக்குகிறது. உண்மையில் நகரத்துக்கு அவசியமான இந்த வசதியை உச்ச விலைக்காரர்களுக்கு மட்டும் ஒதுக்கியது கஞ்சத்தனமே. உட்புறத்தின் பல இடங்களில் கடினமான பிளாஸ்டிக்கே இருக்கிறது என்ற குறை உண்மை, ஆனால் நாளடைவில் துடைத்துப் பராமரிக்க அதுவே தோது.

சுமார் 200 மில்லிமீட்டர் தரை இடைவெளியும் 16 அங்குலச் சக்கரங்களும் இருப்பதால், அளவு பார்க்காமல் போடப்பட்ட வேகத்தடைகளிலும், தோண்டி மூடிய பள்ளங்களிலும் அடி தட்டாமல் வண்டி ஏறி இறங்குகிறது. ஆனால் தரை இடைவெளியைத் தண்ணீரில் இறங்குவதற்கான உரிமமாக எண்ணுவது பெருந்தவறு. என்ஜின் காற்றை இழுக்கும் வாய்க்கு வெள்ளம் எட்டினால் உருளைக்குள் நீர் புகும். காற்றைப்போல் நீரை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால், மேலேறும் உந்துதண்டு முட்டி அதைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் மூழ்கிய கார்களில், நின்ற வண்டியை மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயன்றதால் என்ஜினை இழந்தவை உண்டு. வழக்கமான காப்பீடு இத்தகைய சேதத்துக்குப் பணம் தர மறுக்கக்கூடும் என்பதால், என்ஜின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கையை எடுத்துக்கொள்வது கடலோர நகரவாசிக்கு சன்ரூஃபைவிட முக்கியமான செலவு.

2023 மார்ச்சில் வந்த சிஎன்ஜி வகை, கிலோவுக்கு 25.51 கிலோமீட்டர் ஓடும் என்ற அறிவிப்போடு வெளியானது. இயற்கை எரிவாயுவில் ஓடும்போது திறன் சுமார் 88 குதிரைத்திறனாகக் குறைகிறது என்றாலும் நகரத்தில் அது தெரிவதில்லை. தெரிவது, 328 லிட்டர் டிக்கியின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு படுத்திருக்கும் வாயுக் கலன்தான். டாடா நிறுவனம் நெக்ஸானில் ஒரு பெரிய கலனுக்குப் பதில் இரண்டு சிறிய கலன்களைத் தளத்துக்கு அடியில் வைத்து இந்தச் சிக்கலைத் தீர்த்துக்காட்டிய பிறகு, பிரெஸ்ஸாவின் ஏற்பாடு பழமையானதாகவே படுகிறது.

பாதுகாப்பிலும் மாருதியின் வேகம் மந்தமே. 2018இல் பழைய விட்டாரா பிரெஸ்ஸா, குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் நான்கு நட்சத்திரம் பெற்றபோது அது பெருமைக்குரிய செய்தியாக இருந்தது. அதே ஆண்டின் இறுதியில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்று அந்தப் பெருமையை மங்கச் செய்தது. 2022இன் புதிய வடிவத்தில், வழுக்கும் சாலையில் சக்கரங்களுக்குத் தனித்தனியாகப் பிரேக் கொடுத்து வண்டியை நேர்ப்படுத்தும் மின்னணுக் கட்டுப்பாடு எல்லா வகைகளிலும் இடம்பெற்றது பாராட்டுக்குரியது. ஆனால் ஆறு காற்றுப்பைகள் உச்ச வகையில் மட்டுமே இருந்தன, அவை எல்லா வகைகளுக்கும் வர 2025 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் வெளிவந்த வண்டிகள் பழைய கார் சந்தைக்கு வரும்போது, வாங்குவோர் காற்றுப்பைகளை எண்ணிப் பார்த்து வாங்குவது நல்லது.

இனி எஞ்சுவது விலை. இங்கேதான் 2006இன் வரையறை மீண்டும் குறுக்கிடுகிறது. டீசலில் ஓடிய பிரெஸ்ஸா நீளம், சிசி என்ற இரு நிபந்தனைகளையும் நிறைவேற்றியதால், ஜிஎஸ்டி வந்த பிறகு அதன்மீது விழுந்தது இழப்பீட்டுத் தீர்வையையும் சேர்த்து 31 சதவீத வரியே. 2020இல் 1,462 சிசி பெட்ரோல் என்ஜினுக்கு மாறியபோது, நீளம் நான்கு மீட்டருக்குள்ளேயே இருந்தும், பெட்ரோலுக்கான 1,200 சிசி எல்லையைத் தாண்டிவிட்டதால் வரி 45 சதவீதமாயிற்று; நான்கேகால் மீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஹூண்டாய் கிரெட்டாவின் 1.5 லிட்டர் பெட்ரோல் வண்டிக்கும் அதே வரிதான். வெளியீட்டின்போது 7.99 லட்சத்தில் தொடங்கி 13.96 லட்சம் வரை போன ஷோரூம் விலையைக் கண்டு பலர் முகம் சுளித்ததற்கு இதுவும் ஒரு காரணம், இதைப் பேசியவர்கள்தான் குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விகிதங்களில் சிறிய கார்களுக்கு 18 சதவீதமும் மற்றவற்றுக்கு 40 சதவீதமும் என்றானபோது, பிரெஸ்ஸாவின் வரியும் குறைந்தது உண்மையே. ஆனால் நெக்ஸான், வென்யூ முதலிய 1.2 லிட்டர் பெட்ரோல் போட்டியாளர்களுக்கும் அதற்கும் இடையே முன்பு 16 புள்ளிகளாக இருந்த இடைவெளி 22 புள்ளிகளாக விரிந்தது. வரிச்சலுகைக்காக மூக்கையும் பின்புறத்தையும் குறைத்துக்கொண்ட உடலில், அந்தச் சலுகையைத் தடுக்கும் என்ஜின் அமர்ந்திருக்கிறது.

மாருதியின் இன்னொரு விற்பனைக்கூடத்தில் 2023 முதல் விற்கப்படும் ஃபிராங்க்ஸ், அதே 3,995 மில்லிமீட்டர் நீளத்தில், 1.2 லிட்டர் என்ஜினோடும் ஒரு லிட்டர் டர்போ என்ஜினோடும் 18 சதவீத வரியில் கிடைக்கிறது. டர்போ வகைக்கு முறுக்குவிசை மாற்றி கொண்ட ஆறு கியர் தானியங்கியும் உண்டு. அதன் உயரம் 1,550 மில்லிமீட்டர். தனியாகவோ இருவராகவோ அலுவலகம் போய்வருபவருக்கு அதுவே போதும். வீட்டில் முதியவர்கள் இருந்து, பின்னிருக்கையில் மூவர் அடிக்கடி உட்கார்ந்து, மாலை நெரிசலிலேயே பெரும்பாலும் ஓட்ட வேண்டியிருப்பவர், பிரெஸ்ஸாவின் தானியங்கி வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் அந்த 135 மில்லிமீட்டர் உயரத்துக்கும், ஒன்றரை லிட்டர் என்ஜினின் உடனடிப் பதிலுக்கும் போகிறது என்று அறிந்து கொடுக்கலாம்.